நாளொன்றுக்கு 430 டன் காற்று

அரியலூர் வட்டாரத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் கிளிங்கரை அரைக்கும் மில்லை 3000 கிலோவாட் மோட்டார் சுழற்றுகிறது என்று வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுவோம். நல்ல மோட்டார், திறன் 96 விழுக்காடு. மில்லுக்கு 3000 கிலோவாட் கொடுப்பதற்காக அது மின்கம்பியிலிருந்து 3125 கிலோவாட் வாங்குகிறது. இடையில் தொலையும் 125 கிலோவாட், செம்பிலும் இரும்பிலும் உராய்விலும் வெப்பமாக மாறி மோட்டாரின் உடலுக்குள்ளேயே பிறக்கிறது. மில் ஓடும் ஒவ்வொரு நொடியும், இரவும் பகலும்.

இந்த வெப்பத்தை வெளியே கொண்டுபோவது காற்று. உள்ளே நுழையும் காற்று 25 பாகை சூடேறி வெளியேறலாம் என்று வடிவமைப்பாளர் வகுத்திருந்தால், நொடிக்குச் சுமார் 5 கிலோ காற்று வேண்டும். கன அளவில் 4.4 கன மீட்டர். ஒரு நாளைக்குப் பெருக்கினால் 430 டன் காற்று, 3,80,000 கன மீட்டர், அந்த இரும்புக் கூட்டுக்குள் நுழைந்து வெளியேறுகிறது.

இனித் தூசிக் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் தூசி இருக்கிறது என்போம். நகரக் காற்றில் பிஎம்10 துகள்களுக்கு இந்தியா வைத்திருக்கும் 24 மணி நேர வரம்பு 100 மைக்ரோகிராம். நாம் எடுத்துக்கொண்டது அதைப்போலப் பத்து மடங்கு. மில் கூடத்துக்கு இது மிகையான எண் ஆகாது. அப்படியானால் நாளொன்றுக்கு 380 கிராம் தூசி மோட்டாரின் வாசலுக்கு வருகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 140 கிலோ, மூன்று மூட்டை சிமெண்டுக்குச் சற்றுக் குறைவு. வாசலில் ஃபில்டர் இல்லாவிட்டால் அத்தனையும் உள்ளே போகும். போவதில் பெரும்பகுதி காற்றோடு காற்றாக மறுபக்கம் வெளியேறிவிடும் என்பது உண்மைதான். தங்குவது சிறு பங்கு. மோட்டாரைக் கெடுக்க அந்தச் சிறு பங்கு போதும்.

எங்கே தங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டேட்டரின் இரும்பு உள்ளகம் ஒரே கட்டி அல்ல. மெல்லிய தகடுகளை அடுக்கி, சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஒரு சென்டிமீட்டர் அளவில் சந்து விட்டிருப்பார்கள். காற்று அந்தச் சந்துகளில் பாய்ந்துதான் உள்ளகத்தின் வெப்பத்தை எடுக்கிறது. சந்து அடைந்தால் அந்த வட்டத்துக்குக் காற்றே கிடையாது. இன்னோர் இடம், சுருள்களின் முனைகள். இரும்புக்கு வெளியே நீண்டு வளைந்து நிற்கும் அந்தப் பகுதியில் தூசி படலமாகப் படியும். தளர்ந்த தூசியின் கன அளவில் பெரும்பங்கு, துகள்களுக்கு நடுவே சிக்கிய அசையாத காற்று. அது வெப்பத்தை மிக மோசமாகவே கடத்தும். சதுர மீட்டருக்கு 1000 வாட் வெப்பம் வெளியேற வேண்டிய பரப்பில் 1 மில்லிமீட்டர் தூசி படிந்தால், அந்தப் படலத்தைத் தாண்டுவதற்கு மட்டும் ஏறத்தாழ 10 பாகை வேறுபாடு தேவை. அடியில் இருக்கும் செம்பு முன்பைவிட 10 பாகை கூடுதலாகச் சூடேறினால்தான் அதே வெப்பம் வெளியே வரும்.

பத்துப் பாகையின் விலை

மோட்டாரில் முதலில் சாவது செம்போ இரும்போ அல்ல. செம்பைச் சுற்றியிருக்கும் காப்பு. மைக்கா நாடா, கண்ணாடி இழை, எபாக்ஸிப் பிசின் மூன்றும் சேர்ந்து ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில் நின்று 6600 வோல்ட்டைத் தடுத்து வைத்திருக்கின்றன. இதில் மைக்கா ஒரு கனிமம். பல நூறு பாகைக்கு அசையாது. பிசின் கரிமப் பொருள். சூட்டில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல அறுபடுகின்றன. அறுபட அறுபட அது நொறுங்கும் தன்மை அடைகிறது, அடுக்குகள் விலகுகின்றன, நடுவே வெற்றிடம் உண்டாகிறது.

எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு ஆயுள் என்ற கேள்விக்கு முதலில் பயன்படத்தக்க விடை கொடுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் மாண்ட்சிங்கர். மின்மாற்றிகளின் காப்பை ஆராய்ந்து அவர் 1930இல் வெளியிட்ட முடிவு, ஏறத்தாழ 8 பாகைக்கு ஒருமுறை ஆயுள் பாதியாகிறது என்பது. பின்னால் வந்த காப்புப் பொருள்களுக்கு அது 10 பாகை என்று முழுமையாக்கப்பட்டு, இன்றும் ஆலைகளில் வாய்க்கணக்காகப் பயன்படுகிறது. 1948இல் தாமஸ் டேக்கின் இதற்கு வேதியியல் அடிப்படை கொடுத்தார். காப்பு முதுமையடைவதும் ஒரு வேதிவினைதான். வெப்பநிலையோடு வினைவேகம் எப்படி ஏறும் என்று அர்ரீனியஸ் 1889இல் எழுதிய சமன்பாடே இதற்கும் பொருந்தும் என்று காட்டினார். ஒரு மில்லிமீட்டர் தூசிக்கு 10 பாகை என்று மேலே கண்டோம். அந்த இடத்துக் காப்பின் ஆயுளில் அது பாதி.

பெரிய மோட்டார் வாங்குவோர் எஃப் வகுப்புக் காப்பு கேட்பார்கள். அதன் எல்லை 155 பாகை. ஆனால் ஓடும்போது பி வகுப்புக்குரிய சூட்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் எழுதி வாங்குவார்கள். 40 பாகைச் சுற்றுப்புறத்துக்கு மேல் எஃப் வகுப்புக்கு 105 பாகை ஏற்றம் அனுமதி, பி வகுப்புக்கு 80. இடையிலுள்ள 25 பாகை, பத்துப் பாகைக் கணக்குப்படி ஆயுளை ஐந்து மடங்குக்கும் மேல் நீட்டுகிறது. காசு கொடுத்து வாங்கிய 25 பாகை அது.

அடைத்துக்கொண்ட ஃபில்டர் தின்பது இந்த 25 பாகையைத்தான். காற்று 30 விழுக்காடு குறைந்தால், 25 பாகை சூடேறி வெளியேறிய காற்று 36 பாகை சூடேறி வரும். காற்றின் வேகம் குறைவதால் சுருளின் பரப்பிலிருந்து அது வெப்பத்தை வாங்கும் ஆற்றலும் குறையும். செம்பு சூடாக அதன் மின்தடை ஏறும், பத்துப் பாகைக்கு 4 விழுக்காடு என்ற அளவில். அதனால் பிறக்கும் வெப்பமும் கூடும். எல்லாம் சேர்ந்து 15 பாகை ஏறினால் வியப்பில்லை. மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள எண்கள் எல்லாம் 40 பாகைச் சுற்றுப்புறத்துக்கு எழுதப்பட்டவை. மே மாதத்தில் திருச்சியும் கரூரும் அந்த 40ஐத் தாண்டுகின்றன. மில் கூடத்துக்குள் இன்னும் கூடுதல்.

இதில் என்னை மிகவும் கவலைப்படவைப்பது, இந்தக் கோளாறு அம்மீட்டரில் தெரியாது என்பது. மில்லின் சுமை மாறவில்லை, ஆகவே மின்னோட்டம் மாறவில்லை. ஓவர்லோடு ரிலே தன்னிடம் வரும் மின்னோட்டத்தை வைத்து, மோட்டார் இவ்வளவு சூடாகியிருக்கும் என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: குளிர்விக்கும் காற்று முழுதாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது. ஃபில்டர் அடைபட்ட நாளில் அந்த அனுமானம் பொய்த்துவிடுகிறது, ரிலேவுக்கு அது தெரியவே தெரியாது. கண்ட்ரோல் ரூமில் எல்லா எண்களும் ஒழுங்காக இருக்க, உள்ளே பிசின் கருகிக்கொண்டிருக்கும். உண்மையைச் சொல்லக்கூடியவை, ஸ்டேட்டர் காடிகளுக்குள் பதித்திருக்கும் ஆர்டிடி என்ற பிளாட்டின வெப்பநிலை உணர்விகள் மட்டுமே. அவையும் தாம் இருக்கும் இடத்துச் சூட்டைத்தான் சொல்லும். தூசி படலமாகப் படிந்த சுருள் முனைகளில் பொதுவாக உணர்வி இருப்பதில்லை.

ஃபில்டருக்குள் என்ன நடக்கிறது

ஃபில்டர் என்றதும் மாவுச் சல்லடை நினைவுக்கு வருவது இயல்பு: கண்ணைவிடப் பெரியது நிற்கும், சிறியது விழும். மோட்டார் ஃபில்டர் அப்படி வேலை செய்வதில்லை. அதன் இழைகளுக்கு இடையிலுள்ள வெளி, அது பிடிக்கும் துகளைவிடப் பல மடங்கு பெரியது. சிமெண்ட் துகள்களில் பெரும்பாலானவை 1 முதல் 50 மைக்ரான் வரை. மனிதத் தலைமுடி 70 மைக்ரான் அளவு. உலோக வலை ஃபில்டரைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டைகள் கண்ணுக்கே தெரியும். ஆனாலும் அது 10 மைக்ரான் துகளைப் பிடிக்கிறது.

காற்று ஓர் இழையை நெருங்கும்போது வளைந்து விலகிப் போகிறது. 10 மைக்ரான் துகளுக்கு அந்த வளைவில் திரும்ப முடியாது. தன் வேகத்திலேயே நேராகப் போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. கொஞ்சம் சிறிய துகள் காற்றோடு வளையும், ஆனால் வளையும்போது அதன் விளிம்பு இழையை உரசினால் சிக்கிவிடும். ஒரு மைக்ரானில் பத்திலொரு பங்குக்கும் சிறிய துகள்களை மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடித்துத் தள்ளுகின்றன. ராபர்ட் பிரௌன் 1827இல் நுண்ணோக்கியில் கண்ட அந்தத் தள்ளாட்டத்தில் அவை எப்படியோ ஓர் இழையில் போய் முட்டுகின்றன. மிகப் பெரியதும் மாட்டுகிறது, மிகச் சிறியதும் மாட்டுகிறது; நடுவில் உள்ளது தப்புகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நச்சுப்புகை வடிகட்டிகளை ஆராய்ந்த இர்விங் லாங்மியூர், தப்புவதற்கு மிக வசதியான அளவு 0.3 மைக்ரானை ஒட்டியது என்று கணித்தார். மருத்துவமனைகளில் வைக்கும் ஹெப்பா ஃபில்டரை இன்றும் அந்த 0.3 மைக்ரானைக் கொண்டு மதிப்பிடுவதற்குக் காரணம் இதுவே.

மோட்டாருக்கு ஹெப்பா வேண்டாம், வைக்கவும் முடியாது. அவ்வளவு நெருக்கமான ஃபில்டர் வழியாக நொடிக்கு 4.4 கன மீட்டர் காற்றை இழுக்கத் தனியாக ஒரு பெரிய ப்ளோயர் வேண்டும். மோட்டாரின் தண்டிலேயே பூட்டிய விசிறிக்கு அந்த வலு இல்லை. பல மோட்டார்களில் அது உண்டாக்கும் மொத்த அழுத்தமே சில நூறு பாஸ்கல்தான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் பின்பற்றும் ஏபிஐ 541 தரநிலை, 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்களில் 90 விழுக்காட்டைத் தடுத்தால் போதும் என்கிறது. பெரிய துகளை வாசலில் நிறுத்து, நுண்ணியதைப் பெரும்பாலும் கடந்துபோக விடு, காற்றைக் குறைக்காதே: மோட்டார் ஃபில்டரிடம் கேட்பது இவ்வளவே.

திறந்த வெளியில் நிற்கும் மோட்டார்களில் ஃபில்டருக்கு முன்பே ஒரு வேலை நடந்துவிடுகிறது. டபிள்யூபி-2 எனப்படும் கூடுகளில், அமெரிக்க நெமா தரநிலைப்படி, உள்ளே வரும் காற்று குறைந்தது மூன்று முறை 90 பாகை கோணத்தில் திடீரென்று திரும்ப வேண்டும். வழியில் ஓரிடத்தில் அதன் வேகம் நிமிடத்துக்கு 600 அடிக்கு, அதாவது நொடிக்கு 3 மீட்டருக்கு, மேல் போகக் கூடாது. மழைத்துளியும் மணலும் அங்கேயே விழுந்துவிடும். ஆனால் வேகத்தைக் குறைத்து நுண்தூசியை விழவைக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. அசையாத காற்றில் 10 மைக்ரான் சிமெண்ட் துகள் நொடிக்கு 9 மில்லிமீட்டர்தான் இறங்கும். 1 மைக்ரான் துகள் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒன்பது மணி நேரம் ஆகும். அதற்குத்தான் இழை வேண்டியிருக்கிறது.

முள் சொல்லும் செய்தி

ஃபில்டரில் தூசி சேரச் சேர இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நிகழ்கின்றன. பிடித்த துகள்களே புதிய தடைகளாகி அடுத்த துகளைப் பிடிக்க உதவுகின்றன. ஆகவே சற்று அழுக்கான ஃபில்டர் புத்தம் புதிய ஃபில்டரைவிட நன்றாகவே வடிகட்டும். கூடவே, காற்று போகும் வழி குறுகுகிறது. முதல் மாற்றம் மோட்டாருக்கு நல்லது, இரண்டாவது கெட்டது. எந்தப் புள்ளியில் கெட்டது மிஞ்சுகிறது என்று அறிவதுதான் ஃபில்டர் பராமரிப்பின் சாரம். கண்ணால் பார்த்து அதை அறிய முடியாது. மேலே கறுத்துக் கிடக்கும் ஃபில்டரில் காற்று தாராளமாகப் போய்க்கொண்டிருக்கலாம். வெளியே வெளுத்திருக்கும் ஃபில்டரின் உள்மடிப்பில் சிமெண்ட் இறுகியிருக்கலாம்.

அளக்க வேண்டியது அழுத்த வேறுபாடு. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மெல்லிய குழாய் வைத்து ஒரு டயலில் இணைத்துவிட்டால் போதும். கழுவிய ஃபில்டரில் அது 30, 40 பாஸ்கல் காட்டும். மூன்று நான்கு மில்லிமீட்டர் தண்ணீரின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாற்ற வேண்டிய எல்லையை மோட்டார் செய்தவர் கொடுத்திருப்பார். 120 பாஸ்கலை ஒட்டிய எல்லையைப் பல மோட்டார்களில் காணலாம். இந்த எண்ணை ஷிஃப்டுக்கு ஒருமுறை எழுதி வைத்தால், அடுத்த சில வாரங்களில் அந்த இடத்துத் தூசியின் குணம் காகிதத்தில் தெரிந்துவிடும். பக்கத்து கன்வேயரில் ஸ்கர்ட் ரப்பர் கிழிந்த வாரம் கோடு செங்குத்தாக ஏறும். மழைக்காலத்தில் சாய்வு மாறும்.

பல ஆலைகளின் பராமரிப்பு அட்டவணையில், மாதம் ஒருமுறை ஃபில்டர் சுத்தம் என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் எழுதினார். ஆனால் தூசிக்கு நாட்காட்டி தெரியாது. மாதம் ஒருமுறை என்பது ஒரு மோட்டாருக்கு மூன்று வாரம் தாமதம், இன்னொன்றுக்கு மூன்று மாதம் அவசரம். அவசரமும் கேடுதான். ஒவ்வொரு முறை ஃபில்டரைக் கழற்றும்போதும் விளிம்பில் சேர்ந்த தூசி உள்ளே உதிர்கிறது, கேஸ்கெட் நசுங்குகிறது, பிடிப்புகள் தளர்கின்றன.

கேஸ்கெட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் மோட்டாரில் 60 சென்டிமீட்டர் சதுரத்தில் ஆறு ஃபில்டர் சட்டங்கள் இருந்தால், அவற்றின் சுற்றளவு மொத்தம் 14 மீட்டருக்கு மேல். ரப்பர் இறுகிப்போய்ச் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டதாகக் கொள்வோம். 120 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் அந்த இடைவெளி வழியே காற்று நொடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் பாயும். மொத்தக் காற்றில் ஏறத்தாழ 6 விழுக்காடு ஃபில்டரைத் தொடாமலேயே உள்ளே போய்விடும். தூசியில் 90 விழுக்காட்டைத் தடுத்த ஃபில்டர் இப்போது 85ஐத் தடுக்கிறது. கேட்கச் சிறு வித்தியாசம். ஆனால் உள்ளே போவது 10இலிருந்து 15 ஆகியிருக்கிறது, ஒன்றரை மடங்கு. ஃபில்டர் அடைக்க அடைக்க இந்தக் கசிவு இன்னும் கூடும், ஏனென்றால் காற்றுக்கு எளிய வழி அதுதான். நான் பராமரிப்பு அட்டவணை எழுதுவதாக இருந்தால் ஃபில்டருக்கு ஒரு வரியும் கேஸ்கெட்டுக்கு இரண்டு வரியும் ஒதுக்குவேன்.

முள் ஏறுவதை எல்லோரும் கவனிக்கிறார்கள். யாரும் கழுவாமலே முள் இறங்கினால், அது அதைவிட மோசமான செய்தி. ஃபில்டர் கிழிந்திருக்கும், சட்டம் நழுவியிருக்கும், அல்லது அளவுக்குழாயே அடைபட்டிருக்கும். மாறும் வேகத்தில் ஓடும் மோட்டாரில் இன்னொரு சிக்கல் உண்டு. வேகம் குறைந்தால் தண்டு விசிறியின் காற்றும் குறையும், அழுத்த வேறுபாடும் இறங்கும். முழு வேகத்துக்கென்று வைத்த எச்சரிக்கை எல்லை, அரை வேகத்தில் ஓடும் மோட்டாரின் அடைபட்ட ஃபில்டரைக் காட்டிக்கொடுக்காது. அங்கே துணைக்கு வருவது ஆர்டிடி. சுருளின் வெப்பநிலையிலிருந்து உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையைக் கழித்து, அதே சுமையில் சென்ற மாதம் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட வேண்டும். கழிக்காமல் பார்த்தால் மார்கழியும் சித்திரையும் குழப்பும்.

கழுவுதல்

துவைத்துப் பயன்படுத்தும் உலோக வலை, பாலியூரித்தேன் நுரை, பாலியெஸ்டர் விரிப்பு ஆகியவையே மோட்டார்களில் மிகுதி. கழுவும் முறை எளியது. அந்த எளிமையே அலட்சியத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறது. தண்ணீரோ காற்றோ, ஃபில்டரின் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்குப் போக வேண்டும். மறுதிசையில் அடித்தால் மேற்பரப்பிலிருந்த தூசி நடு இழைக்குள் இறுகிவிடும். சிமெண்ட் தூசி என்றால் தண்ணீருக்கு முன்னால் உதறி, வாக்குவம் கிளீனர் கொண்டு உறிஞ்சிவிட வேண்டும். சிமெண்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் அது தன் வேலையைச் செய்துவிடும். பிறகு மென்மையான சோப்புக் கரைசல், நிறையத் தண்ணீர், முழுதாக உலர்த்துதல். ஈரத்தோடு மாட்டக் கூடாது. ஈர ஃபில்டரில் காற்று போகாது. போகும் காற்றும் துளியை இழுத்துக்கொண்டு போய்ச் சுருளில் தெளிக்கும்.

உலரும்வரை மோட்டார் என்ன செய்யும்? அதற்காகத்தான் எப்போதும் ஒரு மாற்றுச் செட் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது. மாற்றுச் செட் வாங்காத ஆலையில் நடப்பதை ஊகிக்கலாம்: ஈரமாக மாட்டுவார்கள், அல்லது ஃபில்டர் இல்லாமல் ஒரு ஷிஃப்ட் ஓட்டுவார்கள். ஓடும் மோட்டாரின் ஃபில்டரைக் கழற்றினால் நொடிக்கு நாலரை கன மீட்டர் உறிஞ்சும் வாய் திறந்துவிடுகிறது. கீழே கிடக்கும் காட்டன் வேஸ்ட், பாலித்தீன் தாள், வெல்டிங் கம்பித் துண்டு எதுவும் உள்ளே போகலாம். ஓடும்போதே மாற்றும்படி வடிவமைத்த கூடுகள் சில உண்டு. மற்றவற்றில் மோட்டாரை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, அறிவிப்பு அட்டை மாட்டிய பிறகே கை வைக்க வேண்டும். அப்போதும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மோட்டார் நின்றதும் ஈரம் படியாமலிருக்க உள்ளே ஹீட்டர்கள் தாமாக எரியத் தொடங்கும். அவற்றுக்கு மின்சாரம் வேறு வழியில் வருகிறது. மோட்டாரின் பிரேக்கரைப் பிரித்தது ஹீட்டரைப் பிரித்ததாகாது.

ஏற்கெனவே உள்ளே போன தூசியைக் காற்றடித்து வெளியேற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நான் எதிர்க்கிறேன். கம்ப்ரஸர் காற்று தூசியைக் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு, குறுகிய சந்துகளுக்குள் தள்ளும். அதில் ஈரமும் எண்ணெயும் இருந்தால் இன்னும் கேடு. உறிஞ்சி எடுப்பதே முறை. ஒட்டிப்போன அழுக்குக்கு, மைனஸ் 78 பாகையில் உறைந்த கார்பன் டைஆக்சைடுத் துகள்களை வீசிச் சுத்தம் செய்கிறார்கள்; அவை நேராக ஆவியாகிவிடுவதால் ஈரம் மிஞ்சுவதில்லை.

தூசிக்குத் தூசி வேறு

சிமெண்ட் தூசி ஈரம் பட்டால் இறுகும். வடகிழக்குப் பருவமழையில், நின்றிருக்கும் மோட்டாரில் அது மேலோடாகவே மாறிவிடும். தூத்துக்குடி போன்ற கடற்கரையில் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகும், கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். நிலக்கரித் தூளும் ஈரத்தோடு சேர்ந்தால் அப்படியே. சுருள் முனைகளின் மேல் மெல்லிய கசிவு மின்னோட்டம் ஓடத் தொடங்கும். அது ஓடிய தடம் கருகிக் கரியாகும். கரி இன்னும் நன்றாகக் கடத்தும். ஒருநாள் அந்தத் தடம் முழுதாக இணைந்துவிடும்.

இந்த அழுக்கை மோட்டாரைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மெக்கரில் 1 நிமிடம் கழித்துக் காப்புத்தடையை எடுத்து, 10 நிமிடம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டாவதை முதலாவதால் வகுப்பது. சுத்தமான, உலர்ந்த காப்பில் நேரம் ஆக ஆகத் தடை ஏறும். ஐஇஇஇ 43 தரநிலை எஃப் வகுப்புக் காப்புக்கு இந்த விகிதம் குறைந்தது 2 இருக்க வேண்டும் என்கிறது. மேற்பரப்பில் ஈர அழுக்கு இருந்தால் கசிவு ஓடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் கழித்தும் முள் நின்ற இடத்திலேயே நிற்கும், விகிதம் 1ஐ ஒட்டி வரும்.

இரும்பு உருக்காலைகளில் வருவது வேறு விதமான பகை. காந்தப்புலத்தில் சிக்கிய இரும்புத் துணுக்கு, நொடிக்கு ஐம்பது சுழற்சி கொண்ட புலத்தோடு அதிர்ந்துகொண்டே இருக்கும். அதிர்ந்து அதிர்ந்து காப்பைத் துளைத்து உள்ளே இறங்கும். துறையில் இதற்குக் காந்தக் கரையான் என்றே பெயர். ஸ்லிப் ரிங் மோட்டாரில் எதிரி உள்ளேயே பிறக்கிறது: கார்பன் பிரஷ் தேய்ந்து உதிரும் தூள். அதனால்தான் ஸ்லிப் ரிங் அறைக்குத் தனிக் காற்றுவழியும் தனி ஃபில்டரும் வைக்கிறார்கள். முதன்மை ஃபில்டரைக் கவனிப்பவர்கள் அதை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பேரிங்கிலிருந்து எண்ணெய் கசிந்தால் எந்தத் தூசியும் பசையாகிவிடும். எந்த ஃபில்டராலும் அதைத் தடுக்க முடியாது. சீலைத்தான் மாற்ற வேண்டும்.

வெளிக்காற்றே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிட்டு, குழாய்களின் வழியே வெளிக்காற்றாலோ தண்ணீராலோ அதைக் குளிர்விக்கும் மூடிய மோட்டார்கள் இன்று நிறையவே ஓடுகின்றன. மின்நிலைய ஜெனரேட்டர்கள் அந்த வழியில் இன்னும் தூரம் போய், 1937இல் அமெரிக்காவின் டேட்டனில் காற்றுக்குப் பதில் ஹைட்ரஜனையே நிரப்பின. காற்றில் பதினான்கில் ஒரு பங்கு அடர்த்தி, வெப்பத்தைக் கடத்துவதில் ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆனாலும் மூடிய மோட்டாரின் விலையும் எடையும் கூடுதல், குளிர்விக்கும் குழாய்களும் தூசியால் அடையும், அவற்றையும் பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். புதிதாக வாங்குபவர் யோசிக்கலாம். ஏற்கெனவே இருபது ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கும் திறந்த மோட்டாருக்கு ஃபில்டர்தான் கதி.

ஆலைகளில் ஃபில்டர் கழுவும் வேலை பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளியின் கையில் இருக்கிறது. பேனலைத் திறக்கும் எலக்ட்ரீஷியனுக்குப் பயிற்சி உண்டு, பேரிங் மாற்றும் ஃபிட்டருக்கும் உண்டு. ஃபில்டர் கழுவுபவரிடம் ஒரு வாளியையும் சோப்புத் தூளையும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் அடிக்க வேண்டும், ஈரமாக மாட்டினால் உள்ளே என்ன ஆகும், கேஸ்கெட் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால், சுருள் முழுவதையும் பிரித்து மறுபடி கட்டும் வேலையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். சுருள் கட்ட வாரக்கணக்கில் ஆகும், அதுவரை மில் நிற்கும்.

இந்தப் புத்தகத்தைப் படிப்பவர்களில் ஆலையில் வேலை பார்ப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் பொறுப்பிலுள்ள பெரிய மோட்டாரின் அழுத்த வேறுபாட்டு டயலுக்குப் பக்கத்தில் மூன்று எண்களை பெயிண்டால் எழுதி வையுங்கள்: கழுவிய ஃபில்டரில் முள் நிற்க வேண்டிய இடம், மாற்ற வேண்டிய எல்லை, முழுச் சுமையில் உள்வரும் காற்றுக்கு மேல் சுருள் ஏறும் சூடு. அந்த வழியாகப் போகும் யாரும் பார்த்துச் சொல்லலாம். மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது முள் சுழியத்தில் கிடந்தால், ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அன்றைக்கே அளவுக்குழாயை ஊதிப் பாருங்கள், அது சரியாக இருந்தால் மோட்டாரை நிறுத்தி ஃபில்டர் கதவைத் திறந்து பாருங்கள்.